திரை கேட்காத கேள்விகள்

திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து போகும். 'எக்ஸ்' தவிர எது வந்தாலும் பொத்தானை அழுத்த வேண்டும். கானர்ஸ் சோதனை ஏறக்குறைய 14 நிமிடம் இப்படியே நீள்கிறது. விட்டவை, தவறாக அழுத்தியவை, கையின் வேகம் ஆகியவற்றைக் கணினி எண்ணித் தருகிறது. ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைவு - மிகை இயக்கக் கோளாறைக் கண்டறிய இன்று பயன்படுத்தப்படும் இந்தச் சோதனை வகையின் முன்னோடி 1956இல் வந்தது. ராஸ்வோல்டும் சகாக்களும் அதை உருவாக்கியது மூளைப் பாதிப்பை அறிவதற்காக.

இச்சோதனையை ஒரு பிரதியாக வாசித்தால், அது கற்பனை செய்துகொள்ளும் ஆள் யார் என்று கேட்கத் தோன்றுகிறது. தனி அறையில், ஒரே வேலையோடு, யாரும் குறுக்கே கூப்பிடாமல் உட்கார்ந்திருக்கும் ஆள். கள்ளக்குறிச்சியில் எத்தனை பெண்பிள்ளைகளுக்கு அப்படி 14 நிமிடம் வாய்க்கிறது? அடுப்பில் உலை, இடுப்பில் தம்பி, திறந்தபடி கிடக்கும் நோட்டு. அவளுடைய தடுமாற்றம் தெரிவது அங்கேதான். அமைதியான அறையில், புதுக் கருவியின் முன், பயத்தாலும் முனைப்பாலும் அவள் சரியாகவே அழுத்திவிடக்கூடும். மாறாக, தூக்கமின்மையோ பதற்றமோ மனச்சோர்வோ உள்ள பெண் தவறலாம். ஏன் தவறினாள் என்பதை எண் சொல்லாது.

சிறுவயதில் ஆண்பிள்ளைகளிடம் இக்கோளாறு ஏறக்குறைய இருமடங்கு பதிவாகிறது. பெஞ்சு தாண்டிக் குதிப்பவனை ஆசிரியர் உடனே கவனிக்கிறார். சன்னலைப் பார்த்தபடி இருப்பவள் கண்ணில் படுவதில்லை. 2013இல் வெளிவந்த டி.எஸ்.எம்.-5 கையேடு, 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் பல இருந்தனவா, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது அவை தெரிகின்றனவா என்று கேட்கிறது. திரை பார்ப்பது ஓரிடத்தை, ஒரு பொழுதை.

கருவியே வேண்டாம் என்பதல்ல என் வாதம். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2024இல் 6 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்குக் கியூபி டெஸ்டை ஏற்றது. மருத்துவரின் முழு மதிப்பீட்டோடு சேர்த்துத்தான் ஏற்றது. அந்த மதிப்பீடு எளிதில் கிடைக்காத இடத்தில் எண்ணே தீர்ப்பாகிவிடும் என்பதுதான் என் அச்சம். கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்து ஒருநாள் கூலியை இழந்து, பஸ் பிடித்து மகளை அழைத்து வரும் மலையாளிப் பழங்குடித் தாய் இன்னொரு முறை வருவாரா? 'நார்மல்' என்று ஒரு தாள் வந்தால், வீட்டிலும் பள்ளியிலும் அவளுக்கு ஏற்கெனவே இருக்கும் 'சோம்பேறி', 'பொறுப்பில்லாதவள்' என்ற பெயர்களுக்கு முத்திரை விழுந்துவிடும்.

எனவே அந்தத் தாளோடு நின்றுவிட வேண்டாம். பழைய மதிப்பெண் அட்டைகள், ஆசிரியர் சொல்வது, அம்மா பார்த்தது, எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பெண்ணே சொல்வது, இவற்றையும் மருத்துவர் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று வற்புறுத்துவோம்.