பிக்சாரின் தொடர்ப்படங்களும் புதிய கதைகளும்

பிக்சாரின் முதல் 10 அசைவூட்டத் திரைப்படங்களில் டாய் ஸ்டோரி 2 (1999) மட்டுமே தொடர்ப்படம். இன்று நிலைமை வேறு. 2024இல் இன்சைட் அவுட் 2 உலகளவில் 160 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது; மறு ஆண்டு வந்த புதிய கதையான எலியோவுக்குக் கூட்டமில்லை. பார்வையாளர்கள் பழகிய பாத்திரங்களையே விரும்புகிறார்கள் என்பது பாதி உண்மைதான். சோல், லூக்கா, டர்னிங் ரெட் ஆகிய புதிய கதைகளை அமெரிக்காவில் நேரடியாக இணையத்தில் வெளியிட்டது தாய் நிறுவனமான டிஸ்னியே. முதல் படத்துக்குப் பெருந்தொற்று காரணம். ஆனால் டர்னிங் ரெட் வந்த அதே 2022இல், டாய் ஸ்டோரியின் கிளைக்கதையான லைட்இயருக்குத் திரையரங்கு கிடைத்தது! புதிய கதையை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்ற பழக்கம் இப்படித்தான் வளர்ந்தது. 2023இல் எலிமென்டல் மந்தமாகத் தொடங்கினாலும், பார்த்தவர்கள் சொல்லச் சொல்லக் கூட்டம் சேர்ந்து பல வாரங்கள் ஓடியது. டாய் ஸ்டோரி 5க்கு அந்த அவகாசம் தேவைப்படாது. பெயர் தெரியாத படத்துக்குத்தான் தேவை.