திருக்காட்சியும் ஒரு சிறுகதையும்

பல வருஷங்களுக்கு முன் நான் எழுதிய கதை ஒன்றைப் படித்துவிட்டு என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அப்புறம் அவன் மாறினானா?" கடைசிப் பாராவில் கதாநாயகனுக்கு ஞானோதயம் வந்துவிடுகிறது, அதோடு கதையும் முடிந்துவிடுகிறது. சிறுகதை என்றால் அப்படித்தான் என்று சொல்லி மழுப்பிவிட்டேன்.

அந்த உத்தியை எழுத்தாளர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் ஜாய்ஸ். அதற்கு அவர் வைத்த பெயர் 'எபிஃபனி'. அது தேவாலயத்துச் சொல்; ஜனவரி 6-ம் தேதி வரும் திருக்காட்சித் திருநாளின் பெயர். கிழக்கிலிருந்து நட்சத்திரத்தைத் தொடர்ந்து வந்த சாஸ்திரிகள் குழந்தை இயேசுவைக் கண்டதை மேல்நாட்டுத் திருச்சபைகள் அன்று கொண்டாடுகின்றன. இயேசு சபைப் பள்ளிகளில் படித்து, பின்னால் மதத்தை விட்டு விலகிய ஜாய்ஸ், சொல்லை மட்டும் கையோடு எடுத்து வந்துவிட்டார். அவர் காலமான பிறகு 1944-ல் வெளியான 'ஸ்டீஃபன் ஹீரோ'வில், தெருவில் காதில் விழும் அற்பப் பேச்சிலும் திடீரென்று ஓர் ஆத்மிக உண்மை வெளிப்படலாம் என்று நினைக்கிறான் ஸ்டீஃபன்.

பக்தி போன பிறகு அந்தச் சொல்லில் என்ன மிஞ்சும்? உத்திதான் மிஞ்சும் என்று நினைத்திருந்தேன். 1914-ல் வந்த 'டப்ளினர்ஸ்' தொகுதியின் கடைசிக் கதை 'தி டெட்'டை மறுபடி படித்தபோது அந்த எண்ணம் ஆட்டம் கண்டது.

டப்ளினில் முதிய சகோதரிகள் இருவர் வருஷந்தோறும் நடத்தும் விருந்து. தேதியைக் கதை சொல்லவில்லை. திருக்காட்சி நாள் என்றே விமர்சகர்கள் பலர் கொள்கிறார்கள். சகோதரி மகன் காப்ரியேல் படித்தவன். வாத்தை அரிந்து பரிமாறுகிறான், பிரசங்கம் செய்கிறான், தன்னைப் பற்றியே கவலைப்படுகிறான். பிறகு மனைவியோடு ஹோட்டல் அறைக்கு வந்தால் மின்விளக்கு எரியவில்லை. பணியாள் கொண்டுவந்த மெழுகுவர்த்தியையும் திருப்பி அனுப்பிவிடுகிறான். தெருவிளக்கின் வெளிச்சம் போதுமாம்.

அந்த அரைவெளிச்சத்தில்தான் கிரெட்டா அழுகிறாள். விருந்தில் கேட்ட ஒரு பழைய பாட்டு மைக்கேல் ஃபியூரியை நினைவூட்டிவிட்டது. அவளுக்காக நோயோடு மழையில் தோட்டத்தில் வந்து நின்று, பதினேழு வயசில் செத்துப்போன பையன் அவன்.

நட்சத்திரமும் நாம் ஏற்றிவைக்கிற விளக்கு அல்லவே! கைவிளக்கை அனுப்பிய பிறகுதான் காப்ரியேலுக்குத் தான் எவ்வளவு சின்னவன் என்பது தெரிகிறது.

சாஸ்திரிகள் மூன்று பேர் என்றோ, ராஜாக்கள் என்றோ மத்தேயு சொல்லவில்லை. மூன்று காணிக்கைகளைத்தான் சொல்கிறார்: பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம். கடைசியில் சொன்னது சவ அடக்கத்துக்கும் பயன்பட்ட பிசின். குழந்தையின் அருகிலேயே மரணத்தின் வாசனை. ஜாய்ஸின் கதையிலும் வெளிச்சம் இறந்தவன் ஒருவனிடமிருந்தே வருகிறது. அவன் காதலுக்காக உயிரையே கொடுத்தவன். காப்ரியேலுக்கு முதலில் கோபம், பொறாமை, பிறகு கண்ணீர். அந்தக் கண்ணீர்தான் அவன் காணிக்கை.

சாஸ்திரிகள் ஏரோதிடம் போகாமல் வேறு வழியாகத் தங்கள் தேசத்துக்குத் திரும்பினார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். இதை நான் வெகுநாள் கவனிக்கவில்லை. கண்டால் மட்டும் போதாது. கண்டவன் வந்த வழியே திரும்ப முடியாது. திருக்காட்சியின் பொருள் இதுதான் என்று இன்று நினைக்கிறேன். மேற்கே பிரயாணம் புறப்படும் வேளை வந்துவிட்டது என்று காப்ரியேலும் எண்ணுகிறான். மேற்கு அவன் மனைவியின் ஊர்ப்பக்கம்; அங்கே வா என்று விருந்தில் ஒருத்தி அழைத்தபோது அவன் மறுத்த திசை. புறப்பட்டானா? அயர்லாந்து முழுவதும் பனி பெய்ய, கதை முடிந்துவிடுகிறது. ஆனால் வழி தெரிந்துவிட்டது.

என் கதாநாயகனுக்கு நான் வெளிச்சம் கொடுத்தேன், வழி கொடுக்கவில்லை. மனைவி கேட்டது அதைத்தான். சென்ற வாரம் அந்தக் கதையை எடுத்து மறுபடி வாசித்தேன். அவன் மாறியிருக்க மாட்டான்.