ஒன்பது விசிறிகள் கொண்ட பெட்டி

கணிப்பொறி வாங்கச் செல்வோர் அதன் வேகத்தையும் நினைவகத்தையும் விசாரிப்பார்கள். பெட்டியை வெறும் தகரக்கூடு என்று எண்ணி விட்டுவிடுவார்கள். ஆனால் கணிப்பொறி எடுத்துக்கொள்ளும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே மாறுகிறது. அந்த வெப்பம் வெளியேற வழி அமைப்பது பெட்டியின் பொறுப்பு. இதை மனத்திற்கொண்டு, ஆப்பிள் நிறுவனம் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட பவர் மேக் ஜி5 கணிப்பொறியின் பெட்டியை ஆராய்வோம்.

இது 51 செ.மீ. உயரமுள்ள அலுமினியப் பெட்டி. முன்புறமும் பின்புறமும் சல்லடை போல் துளையிடப்பட்டவை. பின்னாலுள்ள தாழ்ப்பாளைத் தூக்கினால் பக்கக் கதவு கையோடு வந்துவிடும், திருப்புளி தேவையில்லை. உள்ளே நான்கு பகுதிகள்: மேலே வட்டுகள், அடுத்து விரிவாக்க அட்டைகள், அதன் கீழ் செயலிகள், அடியில் மின்வழங்கி. ஒவ்வொன்றிலும் காற்றோட்டம் தனித்தனியே கட்டுப்படுத்தப்படுகிறது. இரட்டைச் செயலி மாதிரியில் மொத்தம் ஒன்பது விசிறிகள்.

ஒன்பது விசிறிகளா! இரைச்சல் காதைத் துளைக்காதா? துளைக்காது. விசிறி தள்ளும் காற்றின் அளவு அதன் சுழல் வேகத்திற்கு நேர் விகிதத்தில் உள்ளது. ஒலித்திறனோ வேகத்தின் ஏறத்தாழ ஐந்தாம் அடுக்கிற்கு ஏற்ப உயர்கிறது. எனவே வேகத்தைப் பாதியாக்கினால் ஒலி சுமார் 15 டெசிபல் குறையும். அதே அளவு காற்றைப் பெற விசிறிகளை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். நிகர ஆதாயம் 12 டெசிபல்! 2002இல் வந்த முந்தைய மாதிரிக்குப் பயனாளர்கள் ‘காற்றுச் சுரங்கம்’ என்று பட்டப்பெயர் சூட்டியிருந்ததை நினைத்தால், இந்த முன்னேற்றத்தின் அருமை விளங்கும்.

கதவுக்கு உட்புறம் தெளிவான பிளாஸ்டிக் தகடு ஒன்றும் உண்டு. காற்று எப்போதும் எளிய வழியையே நாடும். தகட்டை எடுத்துவிட்டால் அது செயலிகளைச் சுற்றிச் செல்லாமல் பக்கவாட்டில் நழுவிவிடும். ஆகவே தகடு அகன்றதும் விசிறிகள் வேகமெடுத்து இரைகின்றன.

குறை இல்லையா? உண்டு. இத்தனை பெரிய பெட்டியில் நிலைவட்டுகளுக்கு இரண்டே இடங்கள். குறுந்தட்டு இயக்கிக்கு ஒன்றே. முந்தைய மாதிரியில் நான்கு நிலைவட்டுகளும் இரண்டு குறுந்தட்டு இயக்கிகளும் வைக்க முடிந்தது. வீடியோ, இசைத் துறையினருக்கு இது பெரிய இழப்பு.

பழி பெட்டியை மட்டும் சாருமா? 2006இல் வந்த மேக் புரோ இதற்கு விடை தந்தது. வெளிக்கூடு பெரும்பாலும் அதுவே. உள்ளேயோ நான்கு நிலைவட்டுகள், இரண்டு குறுந்தட்டு இயக்கிகள்! புதிய இன்டெல் செயலிகளுக்குச் சிறிய குளிர்விப்பு அமைப்பே போதுமானதாக இருந்ததால் இடம் மிஞ்சியது. ஜி5 செயலியின் வெப்பம் மின்சாரத்தை மட்டுமின்றி இடத்தையும் விழுங்கியிருந்தது.

இன்று முகப்பைக் கண்ணாடியால் மூடி, வண்ண விளக்குகள் பதித்த பெட்டிகள் பல விற்பனையாகின்றன. அவற்றை வாங்குமுன் மாணவர்கள் மூன்று கேள்விகள் கேட்கட்டும்: காற்று எங்கே நுழைகிறது? எங்கே வெளியேறுகிறது? இடையில் எது தடுக்கிறது? இவற்றுக்கு விடை சொல்லாத பெட்டி எவ்வளவு மின்னினாலும் நல்ல பெட்டி ஆகாது.