நான்காம் வேற்றுமையில் ஒரு பெண்

நான்கு ஆண்டுகளுக்கு முன் மகளிர் தினத்தை ஒட்டி வெளியிடுவதற்காக ஒரு சிறுநூல் எழுதிக் கொடுத்தேன். திருப்பூரில் கடன் பெற்றுச் சிறுதொழில் நடத்தும் பன்னிரண்டு பெண்களின் வெற்றிக் கதைகள். ஆளுக்கு இரண்டு பக்கம், ஒரு புகைப்படம். தமிழ்ப் பாடம் நடத்துகிறவள், கவிதை எழுதுகிறவள், நன்றாக எழுதுவாள் என்று நம்பிக் கேட்டார்கள். நன்றாகத்தான் எழுதினேன். அந்த நூலுக்கு யாரும் விமர்சனம் எழுதவில்லை. இப்போது நானே எழுதுகிறேன்.

பன்னிரண்டு கதைகளுக்கும் ஒரே சட்டகம். முதல் பத்தியில் குடிக்கிற கணவன் அல்லது படுத்துவிட்ட கணவன். இரண்டாவதில் கடன். மூன்றாவதில் பயிற்சியும் வழிகாட்டியும். நான்காவதில் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். கடைசி வரியில் நன்றி. இலக்கணம் நடத்துகிறவளுக்கு அப்போதே கண்ணில் பட்டிருக்க வேண்டிய ஒன்று இப்போதுதான் படுகிறது. 'அவருக்குக் கடன் வழங்கப்பட்டது.' 'அவருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது.' 'அவருக்கு நம்பிக்கை பிறந்தது.' பன்னிரண்டு பெண்களும் பெரும்பாலும் நான்காம் வேற்றுமையிலேயே நிற்கிறார்கள். எழுவாயாக வருவது கடன். நான்காம் வேற்றுமைக்கு நன்னூல் சொல்லும் பொருள்களில் முதலாவது கொடை. வட்டியோடு திருப்பிக் கட்டப்படும் பணத்தை என் வாக்கியங்கள் கொடையாக்கிவிட்டன. வாங்கியவளைப் 'பயனாளி' ஆக்கிவிட்டன.

இதை முதலில் கண்டுபிடித்தது நான் அல்ல. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர், காதர்பேட்டையில் சின்னக் கடை நடத்தும் அக்கா. நூலைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது கடையிலேயே உட்கார்ந்து முழுதும் படித்தார். பிறகு சொன்னார்: "எல்லாம் நல்லாத்தானுங் டீச்சர் எழுதியிருக்கறீங்க. லோன் பண்ணுனது இருக்குது. சார் சொல்லிக் குடுத்தது இருக்குது. நான் பண்ணுனது எங்கீங்?"

அவர் செய்தது என்ன என்பதைக் காதர்பேட்டையை அறிந்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நெருக்கியடித்து நிற்கும் இந்தக் கடைத்தெருக்களில் உள்நாட்டுக்கென்றே தைத்த பனியனும் ஜட்டியும் விற்கும்; ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சியதும், ரத்தானதும், சோதனையில் தள்ளப்பட்டதும் விற்கும். வெளியூர் வியாபாரிகள் வந்து மூட்டை கட்டிப் போகிறார்கள். சரக்கை லாட்டாக எடுக்க வேண்டும். ஒரு லாட்டில் எத்தனை ஓட்டை, எத்தனை எண்ணெய்க் கறை, எந்த அளவு அதிகம், எந்தத் துணி முதல் துவைப்பில் சுருங்கும் என்று மேலாக நாலு பீஸைப் புரட்டிப் பார்த்தே கணிக்க வேண்டும். கணிப்பு தவறினால் முதலே போய்விடும். அக்காவுக்கு இந்தக் கணிப்பு பயிற்சி வகுப்பில் வரவில்லை. பனியன் கம்பெனிகளில் பிசிர் வெட்டி, கைமடி போட்டு, செக்கிங் டேபிளில் நின்று கழித்த பதினோரு ஆண்டுகளில் வந்தது. வாங்கிய கூலியைவிடப் பெரிய சேமிப்பு அது. எந்தக் கடன் படிவத்திலும் அதற்குக் கட்டமில்லை. என் கதையிலும் இல்லை.

'தொழில் நுணுக்கங்கள் கற்றுத்தரப்பட்டன' என்று எழுதியிருந்தேன். மூன்று நாள் பயிற்சி, வரவு செலவு எழுதும் முறை. அது பயனற்றது என்று சொல்லமாட்டேன். ஆனால் அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர், நடைபாதையில் செகண்ட்ஸ் டீ-சர்ட் விற்ற ஒரு வயதான அம்மா. 'வித்துட்டுக் குடு கண்ணு' என்று முதல் சரக்கைக் கடனாகத் தந்தவர். எந்தக் குடோன் சரக்கைத் தொடக்கூடாது, எந்தப் புரோக்கரிடம் எண்ணிக்கை குறையும் என்று சொன்னவர். அவர் பெயர் என் நூலில் இல்லை. பெண் பெண்ணுக்குச் சொல்லித் தருவது நம் கண்ணுக்கு வழிகாட்டுதலாகவே தெரிவதில்லை. 'பேசிக்கொண்டிருந்தார்கள்' என்று எழுதிவிட்டுக் கடந்துபோகிறோம்.

இதே ஊரின் ஆண்களின் கதை வேறு மாதிரி சொல்லப்பட்டிருக்கிறது. திருப்பூரைப் பற்றி ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட 'பிரட்டர்னல் கேபிடல்' என்ற ஆய்வு நூல், விவசாயப் பின்னணியிலிருந்து வந்து பனியன் கம்பெனிகளில் வேலை செய்த கவுண்டர் சாதி ஆண்கள் முதலாளிகளாக ஆனதை ஆராய்கிறது. தங்கள் உயர்வுக்கு அவர்கள் சொல்லும் காரணம் உழைப்பு. உழைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் நூலின் தலைப்பே சொல்வதுபோல் அந்த மூலதனம் சகோதரர்களின் மூலதனம். சாதியும் உறவும் கூட்டாளியைத் தந்தன, நம்பிக்கையைத் தந்தன, தொழில் கற்கும் இடத்தைத் தந்தன. இதையும் கடன் என்றும் வழிகாட்டுதல் என்றும்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஆண்களை யாரும் பயனாளி என்று அழைத்ததில்லை. அவர்கள் 'சுயமாக முன்னேறியவர்கள்'. அந்த வட்டத்துக்குள் பிறக்காத பெண்ணுக்கு, அதிலும் தலித் பெண்ணுக்கு, கூட்டாளியும் இல்லை, ஜாமீனும் இல்லை. அவளுக்குக் கிடைப்பது குழுக்கடன்.

பெண்களுக்கான கடன் எப்போதும் கொடையாக வந்ததில்லை என்பதையும் மறந்துவிட்டோம். அகமதாபாத்தில் இலா பட் 1972இல் சேவா சங்கத்தைத் தொடங்கியபோது முதலில் வந்தவர்களில் ஜவுளிச் சந்தையில் மூட்டை சுமந்த பெண்களும், பழைய துணி வாங்கி விற்ற பெண்களும் இருந்தார்கள். காதர்பேட்டைப் பெண்களின் உடன்பிறப்புகள் என்றே சொல்லலாம். 1974இல் நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுத் தங்களுக்கென ஒரு வங்கியை நிறுவினார்கள். சென்னையில் ஜெயா அருணாசலம் 1978இல் தொடங்கிய உழைக்கும் மகளிர் அமைப்பு, தெருவோரம் வியாபாரம் செய்த பெண்களைத் திரட்டி வங்கிகளின் கதவைத் தட்டியது. பின்னர் தனக்கென ஒரு கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துக்கொண்டது. இவை தொழிற்சங்க வரலாற்றின் பகுதிகள். இங்கே பெண்கள்தான் எழுவாய். 1989இல் தருமபுரியில் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கி, 1992இல் நபார்டு குழுக்களை வங்கிகளோடு இணைத்த காலத்திலும் முதலில் சேமிப்பு, பிறகு கடன் என்பதே முறை. தனியார் நிறுவனங்கள் வந்தபோது சேமிப்பு பின்னால் போயிற்று. கடன் மட்டும் முன்னால் வந்து நின்றது.

அதன் விளைவை 2010இல் ஆந்திரம் கண்டது. வசூல் நெருக்கடியும் தற்கொலைகளும் சேர்ந்து அங்கே அவசரச் சட்டம் வரை போயிற்று. ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த விதிகள், ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகக்கூடாது என்கின்றன. அதே விதிகள் நுண்கடன் நிறுவனங்களின் வட்டிக்கு இருந்த உச்சவரம்பை எடுத்துவிட்டன. கடன் வசூலில் வற்புறுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாடு 2025இல் தனிச் சட்டம் இயற்றியது. ஒன்று சரியாக நடந்துகொண்டிருந்தால் அதற்குச் சட்டம் எதற்கு?

குழுக்கடனுக்கு ஈடு கேட்பதில்லை என்பார்கள். கேட்கிறார்கள். ஈடாக வைக்கப்படுவது பெண்ணின் மானம். ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரியே வசூல்காரி ஆகிறாள். ஆணிடம் இந்த முறை செல்லாது. பணம் கட்டாத ஆண் ஊரைவிட்டுப் போய்விடலாம்; பெண் அடுப்பையும் பிள்ளையையும் விட்டு எங்கே போவாள்? இசபெல் கெரென், சந்தோஷ் குமார், வெங்கடசுப்ரமணியன் மூவரும் தமிழ்நாட்டில் நீண்ட காலம் களத்தில் இருந்து 2023இல் எழுதிய 'தி இன்டெட்டட் உமன்' நூல், கடனைப் பெறுவதும் புரட்டுவதும் அடைப்பதுமே பெண்ணின் இன்னொரு வீட்டுவேலையாக ஆகிவிட்டதை விரிவாகக் காட்டுகிறது. சமையலைப் போலவே அதற்கும் கூலியில்லை.

அக்கா என்னிடம் சொன்னதில் நான் எழுதாமல் விட்ட ஒன்று உண்டு. அவர் பெயரில் எடுத்த இரண்டாவது கடன் கடைக்குப் போகவில்லை. கணவர் போட்ட பவர் டேபிளுக்குப் போயிற்று. அது எட்டு மாதத்தில் நின்றது. தவணையைக் கட்டியது அக்கா. கடையின் பெயர்ப்பலகையும் ஜி.எஸ்.டி. பதிவும் இன்றும் கணவர் பெயரில்தான் இருக்கின்றன. 'வெற்றிக் கதைக்கு இது பொருந்தாதே' என்று நானே முடிவு செய்தேன். யாரும் என்னைத் தணிக்கை செய்யவில்லை. பெண்கள் பெயரில் எடுக்கும் கடன் யார் கையில் இருக்கிறது என்று ஆன் மேரி கோட்ஸும் ரீனா சென் குப்தாவும் வங்கதேசத்தில் ஆராய்ந்து 1996லேயே எழுதிவிட்டார்கள். அதையெல்லாம் படித்துவிட்டுத்தான் நான் இதைச் செய்தேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு மாணவியின் அம்மா என்னைப் பார்க்க வந்தார். மூன்று இடத்தில் கடன், நான்காவது கடனை வாங்கி மூன்றாவதைக் கட்டிக்கொண்டிருந்தார். மகளின் படிப்பை நிறுத்தலாமா என்று கேட்கத்தான் வந்தார். பேச்சின் நடுவில் சொன்னார்: "உங்க புக்கைத்தானுங் மீட்டிங்ல படிச்சுக் காட்டுனாங்க. அந்தக்கா மாதிரி நாமளும் வந்தரலாம்னு கையெழுத்துப் போட்டேன்." அன்று இரவு அந்தச் சிறுநூலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியமாகப் படித்தேன். இந்தக் கட்டுரை அந்த இரவில் தொடங்கியது.

நம் இலக்கியத்தில் வேறு முன்மாதிரி இல்லாமல் இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் ஆய்மகள் விடியலில் தயிர் கடைகிறாள், பானையைத் தலையில் சுமக்கிறாள், மோரை விற்கிறாள், அதில் வந்த உணவால் சுற்றத்தை உண்பிக்கிறாள். நெய்க்கு விலையாகப் பொன் தருகிறார்கள், வேண்டாம் என்கிறாள். எருமையும் பசுவும் நாகும் வாங்குகிறாள். எத்தனை வினைகள், அத்தனைக்கும் அவளே எழுவாய். எதை வாங்குவது, எதை மறுப்பது என்ற முடிவு அவளுடையது. அவளும் ஓர் ஆண் புலவரின் பாட்டில், ஒரு மன்னனின் நாட்டு வளத்துக்குச் சான்றாக வருகிறவள்தான். ஆனாலும் அவள் செய்த வேலையைப் புலவர் விட்டுவிடவில்லை. இன்னொரு பக்கம் சிலப்பதிகாரம். கோவலன் மதுரைக்குப் போவது கண்ணகியின் சிலம்பை முதலாகக் கொண்டு வணிகம் செய்ய. மூலதனம் அவளுடையது, வணிகன் அவன். இன்றைய குழுக்கடன் கதைகளில் பல ஆய்மகளின் பெயரைப் போட்டுக்கொண்டு சிலம்பின் கதையைத்தான் நடத்துகின்றன.

கடனே கூடாது என்று நான் சொல்லவில்லை. குழு இல்லையென்றால் அக்காவுக்கு மிஞ்சுவது தண்டல்காரர். முதல் கடன் இல்லாமல் அவரால் ஒரு லாட்டைத் தனியாக எடுத்திருக்க முடியாது. அதை அவரே சொல்கிறார். என் கேள்வி கணக்கைப் பற்றியது. எத்தனை பெண்களுக்கு எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு திரும்பி வந்தது என்றே எண்ணிக்கொண்டிருக்கிறோம். கடை யார் பெயரில் இருக்கிறது, இந்த வாரம் சரக்கு எடுக்க வேண்டாம் என்று அவளால் சொல்ல முடிகிறதா, கடையை மூடி வீட்டுக்குப் போனால் அடுப்பைப் பற்ற வைப்பது யார்? இவற்றையும் எண்ணினால்தான் அது அவளுடைய கணக்கு. இனி ஒரு வெற்றிக் கதை கையில் கிடைக்கும்போது, மாணவிகளே, முதலில் எழுவாயைத் தேடுங்கள்.

அக்காவின் கதையை இந்த ஆண்டு மறுபடி எழுதினேன். செக்கிங் டேபிளில் தொடங்கினேன். நடைபாதை அம்மாவையும் இரண்டாவது கடனையும் எழுதினேன். 'வழங்கப்பட்டது' எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அவர் பார்த்தார், கணித்தார், வாங்கினார், விற்றார் என்று மாற்றினேன். கடைக்குப் போய் வாசித்துக் காட்டினேன். ஒரு லாட்டைப் பிரித்து அளவு வாரியாக அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"கடன் வாங்குனாங்கன்னு போட்டிருக்கறீங்க. கட்டி முடிச்சாங்கன்னு போடலீங்களே?"

போட்டேன்.