கட் ஆஃபும் வெட்டுப்புள்ளியும்

"காசிருந்தால் உங்கட ஊரில எந்தப் பிள்ளையும் எஞ்சினியர்தான், என்ன மாஸ்டர்?"

யாழ்ப்பாணத்திலிருந்து பக்கத்து வீட்டுக்கு வந்திருந்த பெரியவர் கேட்ட கேள்வி இது. ஜி.எஸ்.டி. சாலை நெடுக நிற்கும் கல்லூரி விளம்பரப் பலகைகளைப் பார்த்துவிட்டுக் கேட்டார். கெட்ட எண்ணம் ஏதுமில்லை. ஆனால் செங்கல்பட்டு மாவட்டத்து அரசுப் பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுத்து, கோடைதோறும் பிள்ளைகளுக்குக் கலந்தாய்வுப் பட்டியல் போட்டுக் கொடுக்கிறவனுக்கு அது சுருக்கென்று தைத்தது.

இலங்கைக்காரர்களுக்குப் பெருமைப்பட நியாயம் உண்டு. கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி 1945 முதல் அங்கே நடக்கிறது. பாலர் வகுப்பிலிருந்து பட்டம் வரை அரசுக் கல்விக்கூடங்களில் பிள்ளை கட்டணம் கட்டுவதில்லை. ஏழைப் பிள்ளைக்கு மகாபொல புலமைப்பரிசில் வேறு. பேராதனை, மொறட்டுவை, கிளிநொச்சியில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் எல்லாவற்றுக்கும் ஒரே விலை, அதாவது விலையே இல்லை. ஆகவே பேரா பணமா என்று வீட்டில் சண்டை வராது என்கிறார்கள். வரத்தான் செய்யும் என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு மொறட்டுவை கிடைத்தால் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் யார் கணக்கில் ஏறும்?

சரி, எங்கள் பக்கம் பார்ப்போம். காலையில் செங்கல்பட்டிலிருந்து சென்னைக் கடற்கரைக்குப் புறப்படும் மின்சார ரயிலில் ஏறுங்கள். போத்தேரியில் ஒரு பெரும் கூட்டம் இறங்கும். நடைமேடையை விட்டு வெளியே வந்தாலே எஸ்.ஆர்.எம். தனியார் பல்கலைக்கழக வளாகம். அங்கே இறங்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் சிலர் குரோம்பேட்டையில் இறங்குவார்கள். அது 1949-ல் தொடங்கிய எம்.ஐ.டி., அப்துல் கலாம் படித்த இடம். இன்னும் சிலர் கிண்டி வரை போவார்கள். 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய பொறியியல் கல்லூரி அங்கே இருக்கிறது. போத்தேரியில் லட்சங்களில் பேசும் கட்டணம் கிண்டியில் ஆயிரங்களில் முடிந்துவிடும். பேர் எதற்குப் பெரிது? தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் கிண்டிக்குத்தான் என்பார்கள். பெரியவர் இதைக் கவனிக்கவில்லை. எங்கள் நாட்டிலும் உச்சியில் இருக்கிற இடம் காசுக்குக் கிடைப்பதில்லை, மதிப்பெண்ணுக்குத்தான் கிடைக்கிறது. சீசன் டிக்கெட் எடுத்து வீட்டுச் சோறு கட்டிக்கொண்டு போய்ப் படித்துவிட்டு வந்த பிள்ளைகளை நான் அறிவேன்.

பேச்சு வழக்கில் ஒரு வேறுபாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. அவர்கள் 'வெட்டுப்புள்ளி' என்பது ஒரு மாவட்டத்துக்கு ஒரு பீடத்தில் விழுகிற கோடு. உயர்தரப் பரீட்சையில் எடுத்த இசட் புள்ளி அந்தக் கோட்டைத் தாண்டினால் 'கம்பஸ் கிடைச்சிட்டுது'. இங்கே 'உன் கட் ஆஃப் எவ்வளவு?' என்று பிள்ளையையே கேட்கிறோம். கணக்குக்கு நூறு, இயற்பியலுக்கு ஐம்பது, வேதியியலுக்கு ஐம்பது என்று இருநூறுக்கு வருகிற எண் அது, பிள்ளையின் சொந்தச் சொத்து. செய்யூர்க்காரனுக்கும் சென்னைக்காரனுக்கும் ஒரே வரிசை. அங்கே நாற்பது சதவீத இடம்தான் நாடு தழுவிய தகுதிக்கு. ஐம்பத்தைந்து சதவீதம் மாவட்ட வாரியாக, ஐந்து சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. பின்தங்கிய ஊருக்கு அது நல்லதுதான். ஆனால் எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதிக்கு வந்த தரப்படுத்தல் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளை எப்படி நசுக்கியது என்று அவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கள் இடஒதுக்கீடு ஊரைப் பார்க்காமல் சமூகத்தைப் பார்க்கிறது. எனக்கு இதுவே நியாயமாகப் படுகிறது.

கோட்டைத் தாண்டாத பிள்ளை என்ன செய்யும்? அங்கே திரும்ப எழுதும், இல்லையென்றால் தனியார் நிறுவனம், வெளிநாடு. இங்கே அந்தப் பிள்ளைக்கும் கலந்தாய்வில் இடம் உண்டு. சிறுபான்மையல்லாத தனியார் கல்லூரிகள் அறுபத்தைந்து சதவீத இடத்தை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். அந்த இடத்துக்கு 2017-ல் நிர்ணயித்த கட்டணம் 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவானால் 55,000. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதிலும் 25,000 குறையும். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்பு, விடுதி இரண்டையும் அரசே பார்த்துக்கொள்கிறது; இந்த ஒதுக்கீடு மருத்துவத்துக்கு 2020-லும் பொறியியலுக்கு 2021-லும் வந்தது.

மாமல்லபுரத்துச் சிற்பி ஒருவர் மகளோடு என்னிடம் வந்தார். விரலிடுக்கில் கல்தூசி. பெண்ணின் கட் ஆஃப் நூற்று எழுபதைத் தாண்டியிருந்தது. தகப்பனார் கையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் பளபளப்பான கையேடு. "பேர் பெரிசா இருக்கு சார், நிலத்தை வித்துடலாம்." பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லூரிக் குறியீட்டு எண்களை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினேன். எந்த ஊர், பஸ் உண்டா, கல்லூரிப் பேருந்துக்குத் தனியாக எவ்வளவு பிடுங்குவார்கள் என்று அந்தப் பெண்தான் கேட்டாள். அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்தாள். நிலம் தப்பியது.

பேரா பணமா என்ற தவிப்புக்குக் காலவாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிவ் நாடார் 1996-ல் தொடங்கிய எஸ்.எஸ்.என். கல்லூரிக்குக் கலந்தாய்வில் போகலாம். அதே இடத்தில் 2021-ல் சிவ் நாடார் பல்கலைக்கழகம் வகுப்புகளைத் தொடங்கியது. தனி நிறுவனம், தனிச் சேர்க்கை, தனிக் கட்டணம். கேளம்பாக்கம் பக்கத்துக் குடும்பங்கள் இரண்டுக்கும் நடுவே எத்தனை இரவு தூங்காமல் கிடந்திருக்கும்!

ஒன்றை மறுக்க முடியாது. கொழும்புக்கு அருகே மாலபேயில் வந்த தனியார் மருத்துவக் கல்லூரியை இலங்கை மாணவர்கள் தெருவில் இறங்கி மூடவைத்தார்கள். எங்கள் மாவட்டத்திலோ தனியார் மருத்துவக் கல்லூரிகள் யாரும் கேள்வி கேட்காமல் நடக்கின்றன. 1965-ல் வந்த செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரிதான் இன்றும் எங்கள் ஏழைப் பிள்ளைகளின் கனவு.

இதற்கெல்லாம் மேலாக நான் பெரியவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டிய இடம் மாமல்லபுரத்து அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. 1957-ல் பயிற்சி மையமாகத் தொடங்கியது. கன்னியாகுமரி வள்ளுவர் சிலையை வடித்த கணபதி ஸ்தபதி முதல்வராக இருந்த இடம். உளிச்சத்தம் கேட்கும் ஊரில், மரபுக் கட்டடக்கலைக்கும் சிற்பத்துக்கும் பட்டம். எந்த விளம்பரப் பலகையும் கிடையாது. ஈழத்துக் கோயில்களுக்கும் தமிழ்நாட்டு ஸ்தபதிகள் போய்க் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை அவரும் மறுக்கமாட்டார்.

இந்தக் கரையோரத்துப் பெற்றோருக்குச் சொல்வது இதுதான். கலந்தாய்வு முடிவு வரும்வரை தனியார் பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள். நிலத்தையும் நகையையும் தொடாதீர்கள். விருப்பப் பட்டியலைப் பூட்டும் முன் பிள்ளையின் அரசுப் பள்ளி ஆசிரியரிடம் ஒருமுறை காட்டுங்கள்.