பேயை விலக்கிய பேய்க்கதை

மூடுபனி இறங்கிவிட்டால் நம் அருவங்காட்டில் பேய்க்கதைகளுக்குப் பஞ்சமிராது. கைப்பேசியில் குறும்படம் எடுக்கும் மாணவர்களும் அப்பனியையே முதலாகக் கொண்டு ஒரு பேயை உலவ விடுகின்றனர். அவர்கள் 1986இல் வெளிவந்த ‘ஊமை விழிகள்’ படத்தை ஊன்றிக் காண வேண்டும் என்போம். சென்னைத் திரைப்படக் கல்லூரி மாணவர்கள் கூடி உருவாக்கிய படம் அது. ஆபாவாணன் எழுதித் தயாரிக்க, அரவிந்தராஜ் இயக்கினார்.

ஆளரவமற்ற சாலை, அச்சமூட்டும் கிழவி, காணாமற்போகும் பெண்கள் ஆகியவை பழைய பேய்க்கதையின் உறுப்புகளே. அரபுகளின் பழங்கதைகளிலும் ‘கூல்’ என்னும் பூதம் பாலைவழியில் உருமாறி நின்று பயணிகளை வழிதப்பச் செய்யும். அப்படியொன்று இல்லையென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்ததை ஹதீஸ் நூல்கள் பதிந்துள்ளன.

இப்படமும் பேய்க்கதையின் உடலை எடுத்துக்கொண்டு பேயை விலக்கியது. அவ்விடத்தில் செல்வமும் செல்வாக்கும் மிக்க ஒரு மனிதனை நிறுத்தியது. அவனை வெளிப்படுத்தும் பணியைப் பத்திரிகையாளரிடம் தந்தது. பெண்களின் அலறலை வேண்டியதற்கு மேல் நீட்டுகிறது என்பது நாம் காணும் குறை. ஆயினும் அதன் தேர்வு சரியானது. பேய்க்கு அஞ்சுவோன் கதவைத் தாழிட்டுக்கொள்வான். கொடியவன் இன்னானென அறிந்தவனோ நீதி கேட்டு வெளியே வருவான்.

பனியைப் படம்பிடிக்கும் நம் பிள்ளைகள், அதற்குள் மறைந்து நிற்பவன் யாரென முதலில் வினவட்டும்.