மூச்சை எண்ணினார், இருமலைக் கேட்கலை

வீரபாண்டி பிரிவுல நான் குடியிருந்த லைன் வீட்டுக்கு ஒருநாள் ராத்திரி ஆம்புலன்ஸ் வந்தது. பக்கத்து ரூம் ஒடிசா பையன், பனியன் கம்பெனியில கைமடி வேலை, எந்திரிச்சு நிக்கவே முடியல. வந்த டெக்னீசியன் விரல்ல ஆக்ஸிமீட்டர் மாட்டினார், வாட்சைப் பார்த்து மூச்சை எண்ணினார். ஆக்சிஜன் 91. மூச்சு நிமிஷத்துக்கு 30. எத்தனை நாளா இருமல்னு மட்டும் கேட்கலை. பையன் இருமினப்போ வீட்டுக்கார அம்மாவே பதில் சொல்லிட்டாங்க: "அது பஞ்சுத் தூசு இருமலுங்க தம்பி. இங்க எல்லாத்துக்கும் இருக்கறதுதானுங்க." ஆக்சிஜன் வெச்சு, கதவைச் சாத்தி, வண்டி கிளம்பிடுச்சு. அவனுக்குக் காசநோய்னு தெரிய இன்னும் மூணு வாரம் ஆச்சு.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பார்க்க வேண்டியதைச் சரியாகவே பார்த்தார். என் விமர்சனம், எதைப் பார்க்க வேண்டும் என்று நாம் வைத்திருக்கும் அளவுகோல் மேல்தான்.

தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' மாநிலம் முழுக்கத் தொடங்கியது. காசநோயால் சாகிறவர்களில் பெரும்பாலானோர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே செத்துப்போகிறார்கள். அதனால், நோய் உறுதியான அன்றே யார் ஆபத்தில் இருக்கிறார் என்று பிரித்துப் பார்க்கச் சொன்னார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு 14 அல்லது அதற்குக் கீழே (160 செ.மீ. ஆளுக்குச் சுமார் 36 கிலோ), 16 வரை இருந்தாலும் இரண்டு காலும் வீங்கியிருந்தால், மூச்சு நிமிடத்துக்கு 24-ஐத் தாண்டினால், ஆக்சிஜன் 94-க்குக் கீழே போனால், பிடிமானமில்லாமல் நிற்க முடியாவிட்டால். இதில் ஒன்று இருந்தாலே ஆளைப் படுக்கையில் சேர்க்கப் பார்க்க வேண்டும்.

எக்ஸ்-ரே வேண்டாம், லேப் வேண்டாம். எடை மெஷின், டேப், ஆக்ஸிமீட்டர், வாட்ச் போதும். மனமாரப் பாராட்ட வேண்டிய யோசனை.

ஆனால் இந்தத் தாளைக் கையில் எடுப்பது நோய் உறுதியான பிறகு. எங்கள் லைன் வீட்டுக்கு வந்த டெக்னீசியன், இதில் மூன்றை நோய் தெரியாமலேயே பார்த்துவிட்டார். மூன்றுமே ஆபத்து என்றுதான் சொன்னது. அவருக்கு அது 'மூச்சுத் திணறல்'. அதோடு முடிந்தது.

இதே எண்கள் நிமோனியாவிலும் ஆஸ்துமாவிலும் இதயக் கோளாறிலும் வருமே என்று கேட்கலாம். வரும். ஆம்புலன்ஸில் வருகிறவர் நோயைக் கண்டுபிடிக்க வேண்டாம், சந்தேகப்பட்டால் போதும். ரெண்டு வாரத்துக்கு மேல இருமலா? எடை குறைஞ்சுதா? ராத்திரி காய்ச்சல், வேர்வை உண்டா? திருப்பூர் என்பதால் இந்தியிலும் தெரிந்திருக்க வேண்டும்: "கித்னே தின் ஸே கான்ஸி ஹை?"

ஆமாம் என்றால், முடிந்தவரை நோயாளிக்குச் சாதாரண மாஸ்க், தனக்கு என்-95, வண்டியின் ஜன்னலைத் திறந்துவைப்பது, ஆஸ்பத்திரியில் ஒப்படைக்கும் சீட்டில் 'காசநோய் சந்தேகம்' என்று ஒரு வரி. காசநோய் காற்றில் பரவுவது. சாத்திய வண்டிக்குள் இருமலோடு உட்கார்ந்து போகிறவரும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்.

பஞ்சுத் தூசு விஷயத்துக்கு வருகிறேன். நம்ம ஊரில் அது எல்லா இருமலுக்கும் சொல்லும் பதில். நூல் மில்லில் வரும் பஞ்சுத் தூசு நோய்க்கு ஒரு குணம் உண்டு: ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுகும், ஆரம்பத்தில் அடுத்தடுத்த நாட்களில் தணியும். காசநோய் கிழமை பார்ப்பதில்லை. ராத்திரிக் காய்ச்சலைத் தூசு கொண்டுவராது. ஒன்றரை ஷிஃப்ட் முடிந்து வந்து படுப்பவனுக்கு வேர்வையும் இளைப்பும் வேலையால் என்றே தோன்றும். அதனால்தான் வெளியிலிருந்து வருகிறவர் கேட்க வேண்டியிருக்கிறது.

அந்த ரூம்ல அவனோட அஞ்சு பேர் இருந்தாங்க. மூணு வாரம் கழிச்சு நோய் உறுதியானப்போ, அதுல மூணு பேர் கம்பெனி மாறி வேற லைன் வீட்டுக்குப் போயிருந்தாங்க.